தம்ளரைப் பிடுங்கிய மகனுக்கு

விசு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வாசிங்க" என்றாள். வாசித்தேன். உன் வேலையை விட்டுவிட்டு மாதக் கடைசியில் கோமதியோடு பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து, குற்றாலத்துச் சாப்பாட்டுக் கடையில் நீயே கல்லாவில் உட்காரப் போவதாக எழுதியிருக்கிறாய். உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம்தான். ஆனி மாதத்தில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட நாளிலிருந்து, கடைக்குள் யாராவது உரக்கப் பேசினால்கூட நீதான் வந்துவிட்டாயோ என்று எட்டிப் பார்க்கிறவனாக ஆகிவிட்டேன். என் பிள்ளை வருகிறான், நான் சாய்ந்து உட்கார்ந்து இலைபோடச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் இருந்தது. தம்ளரைக் கீழே வைத்ததும் கோபம் வந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூடினால் எனக்கு வருமே, அந்தக் கோபம் இல்லை. கதிர் முற்றி நிற்கிற தன் வயலில் ஒருவன் தன் மாட்டையே அவிழ்த்து விடுவதைப் பார்த்தால் வருகிற கோபம். அது இன்னும் தணியவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

வெளிநாட்டில் யாரோ, ஹார்மோனைக் கொடுத்தால் கோழிக்குஞ்சின் உடம்பில், முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற அந்த அவிடின் உண்டாகிறது என்று உனக்கு முன்னாலேயே கண்டுபிடித்து அச்சில் போட்டுவிட்டார்கள் என்கிறாய். இத்தனை வருஷமும் வீண் என்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, "எப்படியும் உங்கள் கால் இப்படி இருக்கும்போது நான் இங்கே இருப்பது சரியில்லை" என்று எழுதியிருக்கிறாய். நான் படித்தது நாலு எழுத்து. அவிடின், பயோட்டின் என்று நீ சொல்லித்தான் எனக்கு வாய்க்குள் நுழைந்தது. ஆனாலும் கடை நடத்துகிறவனுக்கு வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தே பசியா, கோபமா, காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கிறானா என்று தெரிந்துவிடும். உன் அந்த இரண்டு வரிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீ மறந்துபோனது போலிருக்கிற ஒன்றை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

கோமதியை உனக்குப் பார்க்கத் தொடங்கிய வருஷம், நீ சாரல் நேரத்தில் லீவு போட்டுவிட்டு வந்தாயே, அது. மூன்று தலைமுறையாக வெங்காயத்தைக்கூட யோசித்து யோசித்து வெட்டுகிற சைவக் குடும்பம் நம்முடையது. நீ பெங்களூரில் கோழிமுட்டையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறாய் என்பதை நானும் அம்மாவும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டவர்களிடம் 'வைட்டமின் ஆபீஸில் வேலை' என்று சொல்லி வைத்திருந்தோம். நீயானால் வந்த மறுநாளே இலத்தூர் வயல்பக்கம் போய், குட்டையில் இறங்கி, அகலவாய்ப் போத்தல் நிறையத் தவளைமுட்டை அள்ளிக்கொண்டு வந்தாய். "வெளிநாட்டுத் தவளை முட்டையைச் சுத்தி இருக்குற வழுவழுப்புல அவிடின் இருக்குன்னு எழுதியிருக்கான்ப்பா. நம்மூர்த் தவளையில இருக்கான்னு பாக்கணும். மழை விட்டுட்டா அடுத்த வருஷந்தான்" என்றாய். ஐஸ் வாங்கத் தென்காசிக்குப் போக வேண்டும் என்பதால், சீசனுக்காகக் கடைக்குப் பின்னால் நாம் தங்கியிருந்த அறையில், ஈரமணல் பரப்பிய மண்தொட்டிக்குள் அந்தப் போத்தலைக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று புதைத்து வைத்தாய். அதே தொட்டியில்தான் அம்மா சர்பத்துக்கு ஊறவைத்த சப்ஜா விதையையும் போத்தலில் வைப்பாள் என்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மத்தியானம், இன்னும் உன் மாமனார் ஆகாத இலத்தூர்க்காரர் பேரருவியில் குளித்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'குளிக்க வந்தேன், அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போவோம்னு' என்றுதான் சொன்னார். அம்மாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. வெறும் காப்பி கொடுத்தால் மரியாதை இல்லை என்று நன்னாரி சர்பத் கலக்கி, தொட்டியிலிருந்து போத்தலை எடுத்து, இரண்டு கரண்டி தாராளமாகப் போட்டு, வெள்ளித் தம்ளரில் கொண்டுவந்து வைத்தாள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, அதற்குள் கறுப்பாக ஒரு பொட்டு. அவர் தம்ளரை எடுத்து, பேச்சை முடித்துவிட்டுக் குடிக்கலாம் என்று கையிலேயே வைத்துக்கொண்டு, இலத்தூர்க் குளம் நிரம்பின கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ அப்போதுதான் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்து, தொட்டிப் பக்கம் மூடி திறந்து கிடந்த உன் போத்தலைப் பார்த்தாய். அவர் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நேரம், நீ பாய்ந்து அவர் கையைப் பிடித்துத் தம்ளரைப் பிடுங்கிவிட்டாய். பாதி சர்பத் அவர் வேட்டியில் கொட்டியது.

"ஏலே, என்னலே பண்ணுதே?" என்று நான் எழுந்தேன்.

"அப்பா, இது சப்ஜா இல்ல. தவளை முட்டை" என்றாய் நீ.

அவர் தன் வேட்டியைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "தவளை முட்டையா? அது எதுக்குத் தம்பி ஒரு சைவ வீட்டுல இருக்கு?" என்று கேட்டார். நீ அதற்காவது ஏதாவது சுற்றிவளைத்துச் சொல்லியிருக்கலாம். அங்கேயே நின்றுகொண்டு, கோழிமுட்டை, கோழிக்குஞ்சு, ஊசி என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாய். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நான் வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அம்மா மூலையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் உன்னைப் பார்த்துக் கத்தினேன். "ஈ விழுந்துருக்குன்னு சொல்லி வாங்கியிருக்கலாம்லாலே, இம்புட்டு படிச்சு இது தெரியலையா உனக்கு?" நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்: "ஈன்னு சொன்னா அம்மா அதே போத்தல்லேர்ந்து இன்னொரு தம்ளர் கலந்து கொண்டாந்திருப்பா." அந்த ஆத்திரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சீசன் முழுக்க நம் கடைக்குத் தவளைக் கடை என்று பெயராகிவிட்டதை நீ அறிவாய். சாப்பிட உட்காருகிறவன் எல்லாம் தேங்காய்ப்பால் சொதியைக் கிளறிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல என்ன நீந்துது?" என்று கேட்பான். சில பேர் வரவே இல்லை. என் அப்பா காலத்திலிருந்து சம்பாதித்த நல்ல பெயர் ஒரு போத்தலில் போய்விட்டதே என்று மனம் புழுங்கிக் கிடந்தேன். அந்தப் போத்தலை அருவி ஓடையில் கொட்டிவிடலாம் என்றுதான் சர்பத் கொட்டின மறுநாள் காலையிலேயே கையில் எடுத்திருந்தேன். நீ குறுக்கே வந்து, "கொட்டுறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துருங்கப்பா" என்று சொல்லி, ஒரு முட்டையைத் தட்டில் விட்டு, வெளிச்சத்துக்குப் பிடித்து, உன் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தாய்.

விசு, அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, உன்னிடம் மட்டும் சொன்னதில்லை. கறுப்புப் பொட்டு என்று நான் நினைத்தது பொட்டே இல்லை. அது வளைந்திருந்தது. அதற்குத் தலைப்பக்கம், வால்பக்கம் என்று வந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது லேசாக ஒரு புரள் புரண்டது. நான் கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். நீ பக்கத்தில் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். உயிர் உள்ள எதற்கும், கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும், பயோட்டின் என்கிற வைட்டமின் துளியாவது வேண்டும். அம்மைக்காரி முட்டையைச் சுற்றி வைக்கிற வழுவழுப்பில் அவிடின் இருந்தால், அது பயோட்டினைக் கண்ட இடத்தில் கவ்விக்கொள்ளும், கவ்வினால் விடாது. உள்ளே நுழைகிற கிருமி தின்ன ஒன்றும் கிடைக்காமல் வளராது. கோழிக்கு வெள்ளைக்கரு அந்த வேலையைச் செய்கிறது, குஞ்சுக்கு வேண்டியது மஞ்சள்கருவில் தனியாகப் பத்திரமாக இருக்கிறது. "வேகவச்சா?" என்று கேட்டேன். "நல்லா வேகவச்சா அவிடின் கெட்டுப்போகும், விட்டுரும்" என்றாய். அப்போ சமையல்காரன்தான் எல்லோருக்கும் பெரியவன் என்று நான் சொன்னேன், நீ சிரித்தாய். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. குட்டையில் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிற தவளை, தன் பிள்ளைக்கு இப்படி ஒரு காவல் வைத்துவிட்டுப் போகிறதா? அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? கோவிலில் தீபாராதனை பார்க்கும்போதுகூட எனக்கு அப்படிக் கைகூப்பத் தோன்றியதில்லை. போத்தலை நானே திரும்ப மணலில் புதைத்து வைத்தேன். அதை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு நீ பெங்களூர் போய், பிறகு "கொஞ்சமாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது" என்று ஒரு அட்டை எழுதினாய். நான் அதைக் கல்லாவில் வைத்துக்கொண்டு, தவளைக் கடை என்று கேலி செய்தவனுக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

இலத்தூர்க்காரர் கொஞ்ச நாள் கழித்துத் தானாகவே வந்தார். இந்தத் தடவை காப்பி மட்டும் போதும் என்றார். குடித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, அன்னைக்கு உங்க பையன் சும்மா இருந்துருந்தா நான் குடிச்சிட்டு, ருசியா இருக்குன்னுகூடச் சொல்லிட்டுப் போயிருப்பேன். சம்பந்தம் முறிஞ்சுரும்னு தெரிஞ்சேதான கையைப் புடிச்சான். அவன் செய்யுத வேலை எனக்குப் புடிக்கல. ஆனா அவன் பொய் சொல்லத் தெரியாதவன். எங்க கோமதி அவனுக்குத்தான்." நீ கட்டிக்கொண்ட பெண் உனக்கு எப்படி வந்தாள் என்பது இதுதான்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் அம்மாவும் பெங்களூர் வந்தபோது, உன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு என்னை அழைத்துப் போனாய். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். கூண்டில் மஞ்சளாக, பஞ்சு மாதிரிக் கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஹார்மோன் ஊசி போடுகிற குஞ்சுகள் இவை, முட்டையிடுகிற வயசே வராதவை, ஆனால் ஊசி போட்டால் வெள்ளைக்கரு உண்டாகிற அந்த ஒரு இடம் மட்டும் விழித்துக்கொண்டு அவிடினைச் செய்ய ஆரம்பிக்கிறது என்றாய். அதைப் பார்க்க வேண்டுமானால் குஞ்சு சாக வேண்டும் என்பதை நீயாகவே சொன்னாய். நான் வெளியே வந்து மரத்தடியில் நின்றுகொண்டேன். "இதெல்லாம் பாவம் இல்லையாலே?" என்று கேட்டேன். "பாவந்தாம்ப்பா. அதனாலதான் ஒண்ணைக்கூட வீணாக்கக் கூடாதுன்னு இருக்கேன்" என்றாய். எனக்கு இன்றைக்கும் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. காசிவிசுவநாதர் கோவிலுக்குப் போகிறபோதெல்லாம் பெயர் தெரியாத அந்தக் குஞ்சுகளையும் நினைத்துத்தான் விளக்குப் போடுகிறேன், அம்மாவுக்கு அது தெரியாது.

மரத்தடியில் நின்றுதான் நான் உன்னிடம் இன்னொன்றும் கேட்டேன். தொடையில் ஊசி போட்ட மருந்து, தான் போக வேண்டிய இடத்துக்கு எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது? நீ சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது. "அது வழி கண்டுபிடிக்கலப்பா. ரத்தத்தோட உடம்பு பூரா போகுது. கண்ணுக்கும் போகுது, காலுக்கும் போகுது, யாரும் கண்டுக்கல. அதை வாங்கி வைக்குததுக்கு ஆள் அங்கன மட்டுந்தான் இருக்கு." அந்த ஆள் யார் என்று கேட்டேன். "அதைத்தாம்ப்பா நான் தேடுதேன். இந்தக் குஞ்சுக்குள்ள அவன் யாருன்னு இன்னும் யாரும் பிடிக்கல" என்றாய். நீ அதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. என் பிள்ளைதானா இது என்றிருந்தது. ஐந்தருவியில் வெள்ளம் புரண்டு வரும்போது முதல்முதலாகப் பார்க்கிறவன் வாய் திறந்து நிற்பானே, நீ அந்த மாதிரி ஒரு கோழிக்குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். துளியிலும் துளியாக ஒன்று ஓடி வருகிறது, அதற்காகவே ஒருவன் ஒரு மூலையில் காத்துக்கொண்டிருக்கிறான், அவன் கையில் அது கிடைத்ததும் அதுவரை தூங்கின இடம் வேலை செய்யத் தொடங்குகிறது. இது உன் உடம்பிலும் என் உடம்பிலும் நாம் பிறந்த நாள் தொட்டு நடந்துகொண்டிருக்கிறது என்று நீ சொன்ன பிறகு, நான் என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் ஊருக்குத் திரும்பினேன்.

இப்போது கேட்கிறேன். எனக்குத் தெரியாததால் கேட்கிறேன், உனக்குப் பாடம் சொல்ல இல்லை. ஹார்மோன் கொடுத்தால் அவிடின் வருகிறது என்று அவர்கள் அச்சில் போட்டார்கள், சரி. வாங்கி வைக்கிற ஆள் யார் என்றும் போட்டுவிட்டார்களா? உன் கடிதத்தை மூன்று தடவை தேடிவிட்டேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டிருந்தால் நீ அதைத்தான் முதலில் எழுதியிருப்பாய், மாய்ந்து மாய்ந்து எழுதியிருப்பாய். அப்படியானால் நீ தேடிப் போனது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வழியில் ஒருவன் உன்னை முந்திவிட்டான் என்பதற்காக வீட்டுக்குத் திரும்புகிறாய். உனக்கு வலித்திருக்கிறது, ராத்திரி பகலாய்ப் பட்ட பாட்டுக்கு வேறொருவன் பெயர் போட்டால் எனக்கும் வலிக்கும். அதை நீ அப்படியே எழுதியிருந்தால் நான் அழுதிருப்பேன், கிளம்பி வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ என்று தந்தி கொடுத்திருப்பேன். நீ என் காலின் மேல் பழியைப் போட்டாய். ஈ விழுந்திருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் ஒரு சம்பந்தத்தையே தூக்கிப்போடத் துணிந்தவன், இப்போது பெற்ற அப்பனிடம் ஈ விழுந்த கதை சொல்கிறாய். என் கோபம் அதற்குத்தான். அந்தக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட வீணாக்கமாட்டேன் என்று மரத்தடியில் சொன்னாயே, பாதியில் விட்டுவிட்டு வந்தால் அத்தனையும் வீண் இல்லையா? அதற்கு நான் எத்தனை விளக்குப் போட்டாலும் தீராது.

கால் விஷயம் உன் மனதை அறுக்கத்தான் செய்யும், அது எனக்குத் தெரியும். எலும்பு சேர்ந்துகொண்டிருக்கிறது. கோல் ஊன்றி வாசல்வரை வந்துவிட்டேன். ஆனால் பழையபடி இலைக்கு இலை ஓடிப் பரிமாற இனி முடியாது, அதை மறைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. கடை என் கையில் இருக்கிறவரை நீ திரும்பத் திரும்ப இதையேதான் நினைப்பாய். இந்தத் தடவை நான் திட்டிவிட்டேன் என்று நிறுத்திக்கொண்டாலும், அடுத்த தடவை ஏதாவது ஒன்று சரியாக வராதபோது குற்றாலத்துக் கல்லா உன் கண்ணில் வந்து நிற்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து செய்யது அண்ணாச்சியை வரச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அவர் ரொம்ப வருஷமாக நம் இடத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும், நான் பிடிகொடுக்காமல் இருந்ததும் தெரியும்.

அவர் உள்ளே வந்து, அடுப்படியைப் பார்த்துவிட்டு, உட்காராமலே நின்றார். "அண்ணாச்சி, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியளா? உங்க ஐயா காலத்துல இருந்து சைவமா இருக்குத எடம். நான் இங்கன முட்டை உடைப்பேன், கறி வைப்பேன். பொறவு மனசு சங்கடப்படக் கூடாது பாருங்க" என்றார்.

"உடைங்க" என்றேன். "எங்க வீட்டுல ஒருத்தன் ஏற்கெனவே அதைத்தான் செய்யுதான்."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். அவர் போன பிறகு, "புள்ளை வாரேன்னு சொல்லும்போது இப்படிச் செஞ்சிட்டியளே" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளே போய் நம் பெரிய தோசைக்கல்லையும் இட்லிக் கொப்பரையையும் கழுவித் துடைத்துத் தென்காசி வீட்டுக்கு எடுத்து வைத்தாள். நாங்கள் இனி வீட்டில்தான் இருப்போம். எங்கள் இருவர் வயிற்றுக்கு வாடகை போதும்.

விசு, நீ கிளம்பி வந்தால் உன் அம்மா உனக்கு நல்ல சோறு போடுவாள், நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீ உட்காருவதற்குக் கல்லா இல்லை. இன்று காலையில் செய்யது அண்ணாச்சியின் ஆட்கள் வந்து நம் அடுப்பை இடித்துவிட்டார்கள்.

அப்பா